தொழில்நுட்பக் கோளாறுக்கும் ஒரு கையெழுத்து இருக்கு

2025 மே 9ஆம் திகதி விமானப்படையின் பெல் 212 ரக ஹெலி ஒன்று மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் 12 பேர், செத்தவர்கள் ஆறு பேர். விசேட படையணியின் பயிற்சி நிறைவு அணிவகுப்பில் சாகசம் காட்டுவதற்காக எழும்பிய ஹெலி அது. அதே வருசம் நவம்பர் 30ஆம் திகதி, டித்வா புயல் வெள்ளத்தில் நிவாரண வேலைக்குப் போன இன்னொரு பெல் 212 லுணுவில பக்கம் ஆற்றில் விழுந்து, விமானி விங் கொமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய இறந்துபோனார்.

இரண்டு தடவையும் எங்கட முகநூல் சுவர்கள் ஒரே மாதிரித்தான் இருந்தன. ஒரு பக்கம் "ரணவிரு" எண்டு கொடியும் மெழுகுதிரியும். மற்றப் பக்கம் எங்கட பெடியள் சிலபேரின் சிரிப்புக் குறி. "எங்களுக்கு மேல சுத்தினதுதானே, விழட்டும்" எண்டு எழுதினவையும் இருக்கினம். அந்தக் கோபம் எங்கிருந்து வருது எண்டு எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வன்னியில் கெலிச் சத்தம், கிபிர் சத்தம், வண்டுச் சத்தம் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டே பிரிச்சுச் சொல்லக்கூடிய ஆக்கள் இல்லாத வீடு குறைவு. பதுங்குகுழிக்குள் இருந்து படித்த படிப்பு அது.

ஆனால் நாங்கள் சொல்ல வருவது வேற. மெழுகுதிரி கொளுத்தினவையும் சிரிச்சவையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கினம். இரண்டு பேருமே கேள்வி கேட்கேல்லை. ஏன் விழுந்தது? கடைசியாக அந்த ஹெலியை ஆர் பரிசோதிச்சது? பறக்கலாம் எண்டு ஆர் கையெழுத்து வைச்சது? வீரர் எண்டு சொன்ன உடனேயே கோப்பு மூடப்படுகிறது. "நல்லா வேணும்" எண்டு சொன்னாலும் அதே கோப்புத்தான் மூடப்படுகிறது. அதைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்கவே இந்தக் கட்டுரை.

கொஞ்சம் எண்ணிப் பார்ப்பம். 2020 ஜனவரி 3இல் ஹப்புத்தளையில் வை-12 விமானம் விழுந்து நாலு பேர். 2023 ஓகஸ்ட் 7இல் திருகோணமலை சீனக்குடாவில் பி.ரி-6 பயிற்சி விமானம் விழுந்து இரண்டு பேர். 2025 மார்ச் 21இல் வாரியப்பொலவில் கே-8 விமானம் விழுந்தது. விமானிகள் இருவரும் பரசூட்டில் குதித்துத் தப்பினார்கள். பிறகு மாதுறு ஓயா, பிறகு லுணுவில. இந்த ஐந்தில் மட்டும் 13 உயிர். ஒவ்வொரு தடவையும் அடுத்த நாள் பேப்பரில் வருவது ஒரே வசனம்: விசாரணைக் குழு நியமிக்கப்பட்டுள்ளது. நியமனம் எப்பவும் முதல் பக்கச் செய்தி. அந்தக் குழு கண்டுபிடித்தது என்ன எண்டு வாசகரில் எத்தனை பேரால் இண்டைக்குச் சொல்ல ஏலும்?

வவுனியாக்காரருக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு பழைய கதையும் இருக்கு. 2007 ஒக்டோபர் 22 அதிகாலை, புலிகள் அநுராதபுரம் விமானத்தளத்தைத் தாக்கினார்கள். அந்த நேரம் வவுனியாத் தளத்திலிருந்து ஒரு பெல் 212 எழும்பிப் போனது. மிகிந்தலைக்குப் பக்கத்தில், தொரமடலாவவில் அது விழுந்தது. உள்ளே இருந்த நாலு பேரும் செத்தார்கள். அரசதரப்பு சொன்ன காரணம் தொழில்நுட்பக் கோளாறு. இல்லை, குழப்பத்தில் தங்கட ஆக்களே சுட்டு விழுத்தினார்கள் எண்டும் செய்திகள் வந்தன. எது உண்மை எண்டு தீர்ப்புச் சொல்வது எங்கட வேலை இல்லை. ஆனால் இதைக் கவனியுங்கோ: "தொழில்நுட்பக் கோளாறு" எண்ட இரண்டு சொல்லுக்குள்ள ஒரு உடைந்த பல்சக்கரத்தையும் ஒளிச்சு வைக்கலாம், ஒரு பிழையான கட்டளையையும் ஒளிச்சு வைக்கலாம். வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால்தான் அந்தச் சொல்லில் அதிகாரத்துக்கு இவ்வளவு விருப்பம்.

உண்மையில் தொழில்நுட்பக் கோளாறு எண்டால் என்ன? ஹெலி எண்டது பறக்கிற ஒரு பதிவேடு. அதில் சுழலுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஆயுள் இருக்கு. இறக்கைத் தகடு இத்தனை மணித்தியாலம் பறந்தால் கழற்றி எறிய வேணும்; பார்வைக்குப் புதுசு போல இருந்தாலும் எறியத்தான் வேணும். கியர்ப்பெட்டியை இத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் முழுசாகப் பிரிச்சுப் பார்க்க வேணும். எண்ணெய்க்குள் உலோகத் துகள் வந்தால் விமானிக்கு முன்னால் விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்ததையும், அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் எண்டதையும் எழுத வேணும். உதிரிப்பாகம் இல்லாமல் பக்கத்தில் நிற்கிற ஹெலியிலிருந்து கழற்றிப் பூட்டினால் அதையும் எழுத வேணும். எழுதினவர் கையெழுத்து வைப்பார், சரிபார்த்தவர் கையெழுத்து வைப்பார், கடைசியில் விமானி பார்த்துக் கையெழுத்து வைச்சால்தான் எஞ்சின் ஸ்டார்ட். பிரித்தானிய விமானப்படையில் இந்தப் பதிவேட்டை 'ஃபோர்ம் 700' எண்டு சொல்லுவினம். எங்கட நாட்டு விமானப்படையே 1951இல் பிரித்தானியரின் கைபிடித்து 'ரோயல் சிலோன்' எண்ட பெயரோடு தொடங்கினதுதான். எழுதுகிற பழக்கம் அவர்களுக்குப் புதுசு இல்லை.

ஆகவே கோளாறு வானத்திலிருந்து விழுகிற ஒன்றல்ல. ஒன்றில் ஒரு பாகம் அதன் ஆயுளுக்கு முன்னமே உடைந்திருக்க வேணும். அப்படியெண்டால் அதைச் செய்த கொம்பனியைக் கேட்க வேணும். அல்லது ஆயுள் முடிந்த பிறகும் பூட்டியிருந்திருக்க வேணும். அப்படியெண்டால் கையெழுத்து வைச்சவரையும், உதிரிப்பாகத்துக்குக் காசு ஒதுக்காதவரையும் கேட்க வேணும். அல்லது எல்லாம் சரியாக இருந்து மனுசர் பிழைவிட்டிருக்க வேணும். அப்படியெண்டால் அவருக்கு என்ன பயிற்சி குடுத்தது, எந்தக் காலநிலையில் அனுப்பினது எண்டு கேட்க வேணும். மூன்றிலும் ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு முடிவு இருக்கு. பெல் 212 உற்பத்தி 1998ஓடு நின்றுபோன ரகம். இங்கே அது 1980களிலிருந்து பறக்குது. பழசு எண்டதற்காக விழ வேணும் எண்டில்லை. நல்லாகப் பராமரித்தால் பழைய ஹெலியும் பறக்கும். ஆனால் பழசை வைத்திருக்கிறவன்தான் பதிவேட்டை இன்னும் கவனமாக வைத்திருக்க வேணும், இன்னும் வெளிப்படையாகக் காட்ட வேணும்.

செத்த விமானி திரும்பி வந்து தன்ர பக்கத்தைச் சொல்ல மாட்டார். அதனால்தான் உலகம் முழுக்க "விமானியின் தவறு" எண்டது மிக மலிவான முடிவாக இருக்கு. 1994 ஜூன் 2இல் ஸ்கொட்லாந்தின் மல் ஒஃப் கின்டையர் மலையில் பிரித்தானிய விமானப்படையின் சினூக் ஹெலி மோதி 29 பேர் செத்தார்கள். 1995இல் இரண்டு உயர் அதிகாரிகள் செத்துப்போன இரண்டு விமானிகளின் தலையில் "பாரதூரமான கவனக்குறைவு" எண்டு எழுதி வைத்தார்கள். அந்தப் புது ரக சினூக்கின் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளில் நம்பிக்கை இல்லாமல், பிரித்தானியாவின் சொந்தப் பரிசோதனை நிலையமே அந்த ரகத்தைப் பறக்கவிடுவதை நிறுத்தி வைத்திருந்தது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. குடும்பங்கள் விடவில்லை. 2011இல், 17 வருசத்துக்குப் பிறகு, அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. பிழை செய்தது ஆர் எண்டு கேட்டுக்கொண்டு நின்றது தேசத்துரோகிகள் அல்ல, விமானிகளின் அப்பாக்கள்.

அதே பிரித்தானியாவில் 2006 செப்ரெம்பர் 2இல் நிம்ரொட் விமானம் ஆப்கானிஸ்தானில் தீப்பிடித்து 14 பேர் செத்தபோது, சார்ள்ஸ் ஹடன்-கேவ் எண்ட சட்டத்தரணியிடம் விசாரணை குடுக்கப்பட்டது. 2009இல் அவர் எழுதிய அறிக்கை அதிகாரிகளையும் கொம்பனிக்காரரையும் சேர்த்துப் பத்துப் பேரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியது. காசு மிச்சம்பிடிக்கிற வெறியில் பாதுகாப்பு எப்படி மறக்கப்பட்டது எண்டு பக்கம் பக்கமாக எழுதியது. அதன் பிறகு, 2010இல், இராணுவ வான்பயணப் பாதுகாப்புக்கெண்டே ஒரு தனி அதிகாரசபை அங்கே உருவானது. பிரித்தானியப் படை நல்ல படை எண்டு நாங்கள் சொல்லேல்லை. அது உலகத்தில் செய்த வேலை எல்லாருக்கும் தெரியும். தன்ர ஆக்களின் சாவுக்குக் கணக்குக் காட்டச் சொல்லி அதையே நெருக்க முடிந்தது எண்டதைத்தான் சொல்லுறம்.

தூரத்துக்குப் போகத் தேவையில்லை. 2021 டிசெம்பர் 8இல் குன்னூரில் எம்.ஐ-17 விழுந்து இந்தியாவின் முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணம் மனிதத் தவறு என்ற வகைப்படுத்தல் 2024 டிசெம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் வந்தது. மூன்று வருசம் பிந்தினது, விளக்கம் போதாது எண்டு குறை சொல்லலாம். ஆனாலும் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்தது. 2025 ஜனவரி 5இல் போர்பந்தரில் இந்தியக் கரையோரக் காவற்படையின் துருவ் ஹெலி விழுந்து மூன்று பேர் செத்தவுடன், முப்படையிலும் இருந்த 300க்கும் மேற்பட்ட துருவ்கள் தரையில் நிறுத்தப்பட்டன. இறக்கைகளின் சாய்வைக் கட்டுப்படுத்துகிற தட்டு உடைந்திருந்தது எண்டது செய்தியாக வந்தது. ஜப்பானின் யாகுஷிமா தீவுக்குப் பக்கத்தில் 2023 நவம்பரில் ஒஸ்ப்ரே விமானம் விழுந்து எட்டு அமெரிக்கப் படையினர் செத்தபோது, கியர்ப்பெட்டிக்குள் எந்தச் சக்கரம் உடைந்தது, உலோகத் துகள் எச்சரிக்கை பலதடவை வந்தும் ஏன் பறப்பைத் தொடர்ந்தார்கள் எண்டதுவரை அடுத்த வருசமே அறிக்கை வெளிவந்தது. எந்த நாட்டினுடைய பாதுகாப்பும் இதனால் இடிஞ்சு விழேல்லை.

இங்கே கேட்டால் மூன்று பதில் வரும்.

முதலாவது, "இது தேசிய பாதுகாப்பு இரகசியம்." பெல் 212 ஒரு இரகசிய ஆயுதம் இல்லை. எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றவும், காட்டுத்தீ அணைக்கவும் உலகம் முழுக்கப் பாவிக்கிற ஹெலி. அதன் எந்தப் பாகம் எத்தனை மணித்தியாலம் தாங்கும் எண்டு அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கினம். இரகசியம் ஹெலியில் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டவர்கள் எடுத்த முடிவுகளில்தான் இருக்கு.

இரண்டாவது, "தண்டனை வரும் எண்டு பயந்தால் தொழில்நுட்பவியலாளர் பிழையை மறைப்பினம்." இது நியாயமான பேச்சு, ஒதுக்கிவிட ஏலாது. சிவில் விமான விபத்து விசாரணைக்கான சர்வதேச விதிகளே, விசாரணையின் நோக்கம் பழிபோடுவதல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது எண்டுதான் சொல்லுது. ஆனால் அந்த விதிகள் இராணுவ விமானத்துக்குப் பொருந்தாது. 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கை இராணுவ விமானங்களை வெளியே வைத்துவிட்டது. ஆகவே விமானப்படையின் விபத்தை விமானப்படையே விசாரிக்குது, தன்ர அறிக்கையைத் தானே வாசிக்குது. கீழே ஸ்பனர் பிடிக்கிற கோப்ரலைக் காப்பாற்ற வேணும் எண்டால் அதற்கு வழி மறைப்பதல்ல. "இந்த ஹெலி பறக்கக்கூடாது" எண்டு அவர் எழுதினால் அவருடைய வேலை போகாது எண்ட உறுதிதான் வழி. கட்டளைச் சங்கிலிக்கு வெளியே ஒரு ஆள் இருந்தால்தான் அந்த உறுதி வரும்.

மூன்றாவது, "நாங்கள் ஏழை நாடு, 2022இல் வங்குரோத்தானனாங்கள், உதிரிப்பாகத்துக்கு டொலர் இல்லை." சரி. அப்படியெண்டால் இருக்கிற மணித்தியாலங்களை எதற்குச் செலவழிக்கிறது எண்டதுதான் கேள்வி. வெள்ளத்தில் கூரையில் நிற்கிற சனத்தைத் தூக்கவா, அணிவகுப்பில் சாகசம் காட்டவா? டித்வா நேரம் வன்னியிலும் குளங்கள் வான் பாய்ந்தன, வீதிகள் மூழ்கின. அடுத்த மாரிக்கு எங்கட ஊரில் ஒரு கர்ப்பிணியைத் தூக்கப் போகிறதும் இதே ஹெலிதான். "அவங்கட ஹெலி" எண்டு சொல்லிச் சிரிக்கிறவைக்கு இதுதான் எங்கட பதில். அதற்கு எண்ணெய் ஊற்றுகிற வரிக் காசில் எங்கட பால்மா வரியும் இருக்கு.

ஏழ்மைக் கதை சொல்கிறவர்கள் மிக் கதையையும் சொல்ல வேணும். 2006இல் உக்ரேனிலிருந்து நாலு மிக்-27 விமானங்கள் வாங்கவும் பழையவற்றைத் திருத்தவுமாக சுமார் 14.7 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் செய்த பழைய விமானங்கள். காசு போன வழி பற்றி 'சண்டே ரைம்ஸ்' இக்பால் அத்தாஸ் எழுதினார், மிரட்டலுக்கு ஆளானார். 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவும் எழுதினார். கோட்டாபய ராஜபக்ச மானநஷ்ட வழக்குப் போட்டார். 2009 ஜனவரி 8இல் லசந்த கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு இண்டைவரைக்கும் ஒருவரும் தண்டிக்கப்படேல்லை. ஒப்பந்தத்தில் பெயர் அடிபட்ட முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்கவை 2024 டிசெம்பரில் அமெரிக்கா ஊழலுக்காகத் தடைப்பட்டியலில் போட்டது. விமானப் பராமரிப்பு எண்டது எண்ணெயும் கிறீசும் மட்டும் இல்லை. அதில் கேள்வி கேட்கிறவனின் உயிரும் அடங்கியிருக்கு.

இனி, எங்களுக்கு மிக முக்கியமான இடம்.

ஒரு நட்டுக்குக்கூடக் கணக்கு வைக்கிற நிறுவனம் ஒரு குண்டுக்குக் கணக்கு வைக்காமல் இருக்க ஏலாது. விமானம் எத்தனை மணிக்கு எழும்பினது, எத்தனை மணிக்கு இறங்கினது, என்ன ஆயுதம் ஏற்றினது, எவ்வளவு மிச்சத்தோடு திரும்பினது எண்டு எழுதாவிட்டால் அடுத்த பராமரிப்பு எப்ப எண்டே கணக்குப் பார்க்க ஏலாது. அதாவது 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தின் மேல் குண்டு போட்டு, 50க்கும் மேற்பட்ட மாணவிகளைக் கொன்ற கிபிர் விமானங்களுக்கும் ஒரு பதிவேடு இருந்திருக்க வேணும். 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் மேலால் பறந்த ஒவ்வொன்றுக்கும் இருந்திருக்க வேணும். "சாட்சி இல்லை, ஆதாரம் இல்லை" எண்டு ஜெனீவாவில் சொல்கிற அரசின் அலுமாரிக்குள், அதே அரசின் தொழில்நுட்பவியலாளர்கள் கையெழுத்து வைத்த தாள்களில், திகதியும் நேரமும் இருக்க வேணும்.

இதனால்தான் மாதுறு ஓயாவும் வள்ளிபுனமும் எங்களுக்கு வேற வேற கேள்வி இல்லை. தன்ர சொந்த வீரன் ஏன் செத்தான் எண்டு அவனுடைய அம்மாவுக்குச் சொல்லாத படை, எங்கட பிள்ளை ஏன் செத்தது எண்டு எங்கட அம்மாவுக்குச் சொல்லுமா? பதிவேட்டைத் திறக்கும் பழக்கம் ஒரு இடத்தில் தொடங்கினால் அது அங்கேயே நிற்காது. அவர்களுக்கும் இது தெரியும். அந்தப் பயத்தில்தான் தங்கட பிள்ளைகளின் சாவையும் சேர்த்து மூடுகினம். குருநாகலில் அழுகிற தாய்க்கும் புதுக்குடியிருப்பில் அழுகிற தாய்க்கும் முன்னால் பூட்டியிருப்பது ஒரே அலுமாரி. இரண்டு துயரமும் ஒன்று எண்டு நாங்கள் சொல்லேல்லை, ஒன்று அல்ல. ஆனால் திறப்பு ஒன்று.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். விமானப்படை விபத்துகளை விசாரிக்க, அதன் தளபதிக்குக் கட்டுப்படாத ஒரு தனி அமைப்பு வேணும். ஒவ்வொரு விபத்து அறிக்கையின் சுருக்கமும் குறித்த காலத்துக்குள் மூன்று மொழியிலும் வெளிவர வேணும். பிழையை எழுதுகிற தொழில்நுட்பவியலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும். 1980களிலிருந்து 2009 வரையான பறப்பு, பராமரிப்புப் பதிவேடுகள் ஒன்றுகூட எரிக்கப்படாமல் ஆதாரமாகப் பாதுகாக்கப்பட வேணும்.

"விமானப்படையிட்டக் கேட்டு என்ன கிடைக்கும்" எண்டு சொல்கிறவர்கள் கேப்பாப்புலவை நினைச்சுப் பாருங்கோ. 2017 ஜனவரி கடைசியில் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாமுக்கு முன்னால் குழந்தைகளோடு போய் இருந்தது. பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் இருந்து, மார்ச் 1ஆம் திகதி தங்கட காணிக்குள் கால் வைத்தது. அதே மாசி மாதம்தான் வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளும் வீதியோரத்தில் கொட்டில் போட்டு இருந்தார்கள். கேட்பது எப்படி எண்டு எங்கட அம்மாமார் எங்களுக்குக் காட்டித் தந்துவிட்டார்கள்.

எங்களுக்கு வெயிலில் இருக்கத் தேவையில்லாத ஒரு வழியும் இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் படைகளுக்கும் பொருந்தும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா எண்டு பதில் சொல்ல வேணும். தேசிய பாதுகாப்பு எண்டு 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பினம். ஆனால் பொது நலன் பெரிசெண்டால் தகவலைக் குடுக்க வேணும் எண்டும் அதே 5ஆம் பிரிவு சொல்லுது. மறுத்தால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. மறுப்புக் கடிதமும் ஒரு ஆவணம்தான். அதிலும் ஒரு அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் இருக்கும்.

நாங்கள் மூன்று கேள்வியோடு தொடங்குறம். மாதுறு ஓயா விசாரணைக் குழு என்ன கண்டது? லுணுவில ஹெலியின் கடைசிப் பெரிய பராமரிப்பு எப்ப நடந்தது? 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதிப் பறப்புப் பதிவேடு இப்ப எந்த அலுமாரியில் இருக்கு? நீங்களும் ஆளுக்கொரு கேள்வி எழுதிப் போடுங்கோ.